அரசு ஓய்வூதியமும் தனியார் ஓய்வூதியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு ஊழியரின் ஓய்வூதியத்தையும் தனியார் நிறுவன ஊழியரின் ஓய்வூதியத்தையும் ஒப்பிட விரும்புவோர் பெரும்பாலும் மாதம் எவ்வளவு வரும் என்று மட்டுமே கேட்கிறார்கள். அந்தத் தொகை விலைவாசியோடு சேர்ந்து உயருமா, நமக்குப் பின் வாழ்க்கைத் துணைக்கு எவ்வளவு மிஞ்சும், பணம் போதாமல் போனால் அந்தப் பற்றாக்குறையை யார் ஏற்பார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு பொருளுடையதாகும். தமிழ்நாட்டில் பணிபுரிவோரை மனத்தில் கொண்டு கீழ்க்காணும் விடைகள் எழுதப்பட்டுள்ளன.

அரசு ஓய்வூதியத்துக்கும் தனியார் ஓய்வூதியத்துக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியருக்குக் கிடைக்க வேண்டிய தொகை விதியிலேயே எழுதப்பட்டுள்ளது. கடைசி ஊதியத்தில் பாதி என்றால் பாதிதான். அதற்கான பணம் சந்தையில் வளர்ந்ததா தேய்ந்ததா என்பது அவர் கவலைப்பட வேண்டிய செய்தியே இல்லை, அது கருவூலத்தின் பொறுப்பு. தனியார் ஊழியருக்குப் பெரும்பாலும் உறுதியாகத் தெரிவது அவர் செலுத்தும் தொகை மட்டுமே, கிடைக்கப்போகும் தொகை அன்று. பி.எஃப். கணக்கில் சேரும் பணம், அதற்கு ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் வட்டி, இடையில் அவர் எடுத்துச் செலவழித்தது ஆகியவற்றைப் பொறுத்தே அவருடைய முதுமை அமையும். அவருக்கும் இபிஎஸ்-95 எனப்படும் பணியாளர் ஓய்வூதியத் திட்டத்தில் வரையறுக்கப்பட்ட ஓய்வூதியம் உண்டு. ஆனால் அதன் உச்சவரம்பு மிகத் தாழ்வானது என்பதால், அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது.

அரசு ஊழியர் என்றால் எல்லோருக்கும் ஒரே ஓய்வூதியம்தானா?

இல்லை. பணியில் சேர்ந்த தேதியே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தமிழ்நாடு அரசில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்கள் பழைய திட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் 30 ஆண்டு தகுதியுள்ள பணிக்காலத்தை முடித்திருந்தால் முழு ஓய்வூதியமும், அதற்குக் குறைந்தால் விகிதாசாரத் தொகையும் பெறுவார்கள். குறைந்தது 10 ஆண்டு தேவை. அந்தத் தேதியிலோ அதன் பின்னரோ சேர்ந்தவர்கள் சிபிஎஸ் என்று அழைக்கப்படும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு பிடித்தம் செய்யப்பட்டது, அரசும் அதே அளவு செலுத்தியது. அத்திட்டத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கு மாத ஓய்வூதியம் என்று எதுவும் வழங்கப்படவில்லை. சேர்ந்த தொகை வட்டியோடு மொத்தமாகத் தரப்பட்டது, அவ்வளவே. இருபது ஆண்டுக்கும் மேலாக ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்கள் பழைய திட்டத்தைக் கேட்டுப் போராடியதன் காரணம் இதுதான்.

2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கடைசி ஊதியத்தில் 50 விழுக்காடு ஓய்வூதியம், அதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி உயர்வு, ஓய்வூதியத்தில் 60 விழுக்காடு குடும்ப ஓய்வூதியம், ஊழியரிடமிருந்து 10 விழுக்காடு பங்களிப்பு என்பவை அந்த அறிவிப்பின் சாரம். சிபிஎஸ்ஸில் உள்ள எவரும் தமக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை அரசாணையின் வாசகத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் வரும் சுருக்கத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்குவது சரியன்று.

மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல், முப்படையினர் நீங்கலாக, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்பிஎஸ் எனப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டம் பொருந்தும். ஊழியர் 10 விழுக்காடு செலுத்த, அரசின் பங்கு 2019 ஏப்ரல் முதல் 14 விழுக்காடாக உயர்ந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் யுபிஎஸ் என்னும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமும் ஒரு தெரிவாக நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி கிடைக்கும். 10 ஆண்டு முடித்தவருக்குக் குறைந்தது 10,000 ரூபாய் உறுதி.

ஆகவே, 2001-இல் சேர்ந்த ஆசிரியரும் 2005-இல் சேர்ந்த ஆசிரியரும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்புக்குப் பாடம் நடத்தினாலும், அவர்களுடைய ஓய்வுக்காலக் கணக்குகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல.

பொதுத்துறை நிறுவனம், வங்கி, போக்குவரத்துக் கழகம் ஆகியவற்றில் பணிபுரிவோர் எந்தப் பக்கம் வருவார்கள்?

நிறுவனத்தைப் பொறுத்தது. மத்திய பொதுத்துறை நிறுவன ஊழியர்கள் பொதுவாக பி.எஃப். சட்டத்தின் கீழ் வருவதால், தனியார் ஊழியரைப் போலவே இபிஎஸ்-95 உறுப்பினர்கள் ஆவார்கள். நிறுவனம் தனியாக நடத்தும் ஓய்வூதிய நிதி ஏதேனும் இருந்தால் அது கூடுதல். பொதுத்துறை வங்கிகளுக்கு 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதிய ஒழுங்குமுறைகள் உள்ளன. 2010 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் என்பிஎஸ்ஸில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் மின்வாரியத்திலும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களிலும் 2003 ஏப்ரல் என்ற எல்லைக்கோடே பொருந்துகிறது.

தனியார் ஊழியரின் பி.எஃப். பிடித்தத்தில் ஓய்வூதியத்துக்குப் போவது எவ்வளவு?

ஊழியர் 12 விழுக்காடு, நிறுவனம் 12 விழுக்காடு செலுத்துகின்றன. ஊழியரின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகும். நிறுவனத்தின் பங்கில் 8.33 விழுக்காடு இபிஎஸ்ஸுக்குப் பிரிக்கப்படும். ஆனால் இந்தப் பிரிவு 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பின் மேல்தான் கணக்கிடப்படுவதால், 80,000 ரூபாய் வாங்குபவருக்கும் மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் ஓய்வூதிய நிதிக்குப் போகாது. மத்திய அரசு தன் பங்காக 1.16 விழுக்காடு சேர்க்கிறது, அதுவும் அதே உச்சவரம்புக்கு உட்பட்டதே. 2014 செப்டம்பர் 1-க்குப் பின் முதன்முறையாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஊதியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இபிஎஸ்ஸில் உறுப்பினராகவே சேர்க்கப்படுவதில்லை. அவர்களுக்கு நிறுவனத்தின் 12 விழுக்காடும் பி.எஃப். கணக்கிலேயே சேரும். தமக்கு மாத ஓய்வூதியமே இல்லை என்பதை இவர்களில் பலர் ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் அறிகிறார்கள்.

இபிஎஸ் ஓய்வூதியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது? கையில் வருவது எதிர்பார்த்ததைவிட ஏன் குறைகிறது?

ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஊதியம் என்பது கடைசி 60 மாதச் சராசரி, அதுவும் உச்சவரம்புக்கு உட்பட்டது. 20 ஆண்டோ அதற்கு மேலோ பணி இருந்தால் 2 ஆண்டு கூட்டிக்கொள்ளலாம். முழு ஓய்வூதியம் 58 வயதில் கிடைக்கும்.

மேலோட்டமாகப் பார்த்தால், 33 பணி ஆண்டோடு 2-ஐக் கூட்டி, 15,000-ஐ 35-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்து மாதம் 7,500 ரூபாய் என்று தோன்றும். ஆனால் 15,000 என்ற உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1 அன்றுதான் வந்தது. அதற்கு முன்பு அது 6,500 ரூபாய். விதிப்படி இரு காலப்பகுதிகளும் தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2000 செப்டம்பரில் திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, 2026 ஆகஸ்டில் 58 வயதை எட்டும் ஒருவருக்கு முதல் 14 ஆண்டுக்கு 6,500 பெருக்கல் 14 வகுத்தல் 70, அதாவது 1,300 ரூபாய். அடுத்த 12 ஆண்டுக்கு 15,000 பெருக்கல் 12 வகுத்தல் 70, அதாவது 2,571 ரூபாய். இரண்டும் சேர்ந்து 3,871 ரூபாய். கூட்டப்படும் 2 ஆண்டுக்காக இன்னும் சில நூறு ரூபாய் வரலாம். 26 ஆண்டு உழைப்புக்குப் பின் மேற்பார்வையாளராக ஓய்வுபெறுபவரின் மாத ஓய்வூதியம் இவ்வளவுதான். 7,500 என்ற உச்சத்தை, 2014 செப்டம்பரில் சேர்ந்து இடைவிடாமல் பணியாற்றும் ஒருவர், இந்த உச்சவரம்பு மாறாதிருந்தால், 2047-இல்தான் தொட முடியும்.

குறைந்தபட்ச ஓய்வூதியத்தை ஒப்பிட்டாலும் இடைவெளி தெரியும். இபிஎஸ்ஸில் அது 2014 முதல் 1,000 ரூபாயாகவே நிற்கிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் மத்திய அரசின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 9,000 ரூபாய், தமிழ்நாடு அரசில் 7,850 ரூபாய். இவ்விரண்டின் மேலும் அகவிலைப்படி தனியாக வரும்.

50 வயதிலேயே இபிஎஸ் ஓய்வூதியத்தைத் தொடங்கிவிடலாமா?

விதி அனுமதிக்கிறது. ஆனால் 58-க்கு முன்னால் உள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும், அந்தக் குறைவு வாழ்நாள் முழுவதும் தொடரும். வேறு வருமானம் உள்ளவர் 60 வயது வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும். ஏற்கெனவே சிறிதாக உள்ள தொகையை மேலும் சிறிதாக்கிக்கொள்வது, வேலை போய் வேறு வழியே இல்லாதவர் மட்டும் எடுக்க வேண்டிய முடிவு.

முழு ஊதியத்துக்கும் உயர் ஓய்வூதியம் பெறலாம் என்கிறார்களே?

2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, உண்மையான ஊதியத்தின் மீது பி.எஃப். செலுத்திவந்த, 2014 செப்டம்பர் 1 அன்று பணியில் இருந்த உறுப்பினர்களுக்கு அந்த வாய்ப்பு மீண்டும் திறக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் காலம் 2023 ஜூலையில் முடிந்துவிட்டது. விண்ணப்பித்தவர்கள் தங்கள் பி.எஃப். தொகையிலிருந்து வேறுபாட்டுத் தொகையை வட்டியோடு ஓய்வூதிய நிதிக்குத் திருப்ப வேண்டும். கையில் உள்ள பெருந்தொகையைக் கொடுத்து, அகவிலைப்படி இல்லாத மாத வருமானத்தை வாங்கும் ஏற்பாடு இது என்பதால், உடல்நலமும் துணைவரின் வயதும் பார்த்துத்தான் அது இலாபமா என்று சொல்ல முடியும்.

அகவிலைப்படி உண்மையிலேயே அவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குமா?

இரு ஓய்வூதியங்களையும் பிரிக்கும் மிகப் பெரிய வேறுபாடே அதுதான் என்பது என் கருத்து. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், ஒரு தொகையின் வாங்கும் திறன் 12 ஆண்டில் பாதியாகிவிடும். இபிஎஸ்ஸில் அகவிலைப்படி இல்லாததால், 58 வயதில் 7,500 ரூபாய் வாங்கத் தொடங்கியவருக்கு 70 வயதில் அது இன்றைய 3,750 ரூபாய்க்கும், 82 வயதில் 1,875 ரூபாய்க்கும் சமம். மருந்துச் செலவு ஏறும் வயதில் வருமானம் இவ்வாறு தேய்கிறது. அரசு ஓய்வூதியருக்கோ ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. ஊதியக் குழு அமையும்போது அடிப்படை ஓய்வூதியமே திருத்தப்படுகிறது. 80 வயதில் 20 விழுக்காடு, 85-இல் 30 விழுக்காடு என்று மத்திய அரசு ஓய்வூதியருக்குக் கூடுதல் ஓய்வூதியமும் உண்டு. 100 வயதை எட்டினால் அது இரட்டிப்பாகும்.

தனியார் ஊழியர் அரசு ஓய்வூதியத்துக்கு இணையாகத் திட்டமிட எவ்வளவு சேர்க்க வேண்டும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 60,000 ரூபாய் வாங்கும் அரசு ஊழியர் பழைய திட்டத்தில் 30,000 ரூபாயும் அதன்மேல் உயர்வுகளும் பெறுவார் என்று வைத்துக்கொள்வோம். தனியார் ஊழியர் அதே 30,000 ரூபாயை, விலைவாசியோடு ஆண்டுதோறும் உயர்த்தியபடி, 60 முதல் 85 வயது வரை 25 ஆண்டு எடுக்க விரும்பினால், கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? முதலீட்டின் வருமானம் விலைவாசி ஏற்றத்துக்குச் சமமாக மட்டும் இருந்தால் 30,000 பெருக்கல் 12 பெருக்கல் 25, அதாவது 90 லட்சம் ரூபாய். வருமானம் விலைவாசியைவிட 2 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தால் ஏறத்தாழ 70 லட்சம் போதும். இரண்டும் இன்றைய மதிப்பில் சொல்லப்படும் தொகைகள். 25 ஆண்டு கழித்து, 6 விழுக்காடு விலையேற்றத்தில், இந்த 70 லட்சம் சுமார் 3 கோடியாகத் தெரியும். அந்த எண்ணைப் பார்த்து மலைத்துப்போக வேண்டியதில்லை, ஊதியமும் அதற்கேற்ப ஏறியிருக்கும்.

இப்போது 35 வயதாகி, கையில் சேமிப்பு எதுவும் இல்லாத ஒருவர், விலைவாசியைவிட 2 விழுக்காடு கூடுதல் வருமானத்தில் இன்றைய மதிப்பில் 70 லட்சத்தை எட்ட, மாதம் சுமார் 18,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப அந்த ஒதுக்கீட்டையும் உயர்த்தியாக வேண்டும். அவருடைய நிறுவனம் 60,000 ரூபாய் முழுவதற்கும் பி.எஃப். பிடித்தால், ஊழியர் பங்கு 7,200, நிறுவனப் பங்கில் 1,250 கழித்தது போக 5,950, ஆக 13,150 ரூபாய் ஏற்கெனவே சேர்கிறது. மீதி 5,000 ரூபாயைச் சொந்தமாகச் சேர்த்தால் போதும். மாறாக நிறுவனம் 15,000 ரூபாய்க்கு மட்டும் பி.எஃப். பிடித்தால் சேருவது 1,800-உம் 550-உம், ஆக 2,350 ரூபாய். அப்போது சொந்தப் பொறுப்பு மாதம் 15,500 ரூபாயைத் தாண்டுகிறது. கையில் வாங்கும் சம்பளம் கூடுதலாகத் தெரிவதால் பலர் இரண்டாவது வகை நிறுவனத்தையே விரும்புகிறார்கள். வேலைக்கான சம்பளக் கடிதத்தைப் பார்க்கும்போது முதலில் படிக்க வேண்டிய வரி பி.எஃப். எந்தத் தொகையின் மேல் பிடிக்கப்படுகிறது என்பதே.

இந்தக் கணக்கில் துணைவருக்கான குடும்ப ஓய்வூதியமோ, 85 வயதுக்கு மேல் வாழ்வதற்கான ஒதுக்கீடோ சேர்க்கப்படவில்லை. ஆகவே 70 லட்சம் என்பதைக் கீழ் எல்லையாகக் கொள்க.

வேலை மாறும்போது பி.எஃப். தொகையை எடுத்துக்கொள்வதால் என்ன இழப்பு?

15,000 ரூபாய் ஊதியத்துக்கு மாதம் 2,350 ரூபாய் சேர்கிறது, வட்டி 8 விழுக்காடு, ஊதியம் மாறவே இல்லை என்று எளிமையாகக் கொள்வோம். 30 ஆண்டில் ஏறத்தாழ 33 லட்சம் ரூபாய் சேரும். பத்தாம் ஆண்டு முடிவில் கணக்கில் இருப்பது சுமார் 4.2 லட்சம்தான். ஸ்கூட்டருக்கோ கல்யாணத்துக்கோ அதை எடுத்துவிட்டால், முப்பதாம் ஆண்டில் கிடைப்பது 13.4 லட்சம் மட்டுமே. எடுத்த 4.2 லட்சம், விட்டுவைத்திருந்தால், 19.7 லட்சமாக வளர்ந்திருக்கும். அரசு ஊழியரால் பழைய திட்டத்தின் ஓய்வூதியத்தை இடையில் எடுத்துச் செலவழிக்க முடியாது என்பது அவருக்குக் கட்டுப்பாடு போலத் தோன்றினாலும், முதுமையில் அவரைக் காப்பாற்றுவதும் அதுவே.

இபிஎஸ் பகுதியிலும் இதே எச்சரிக்கை தேவை. 10 ஆண்டு முடியும் முன் வேலை மாறுபவர், அந்தத் தொகையைத் திரும்பப் பெறாமல், படிவம் 10சி மூலம், பணிக்காலத்தைப் பதிவுசெய்து வைக்கும் திட்டச் சான்றிதழைப் பெற்றோ, பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றியோ பணிக்காலத்தைத் தொடர வேண்டும். திரும்பப் பெற்றுவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து நீங்கிவிடும்.

தனியார் ஊழியருக்கு என்பிஎஸ் பொருத்தமானதா?

பி.எஃப். உச்சவரம்பில் நின்றுபோனவர்களுக்கு அது ஒரு நல்ல துணை. 2009 மே 1 முதல் எல்லாக் குடிமக்களும் சேரலாம். பங்குச் சந்தைப் பகுதியும் உண்டு என்பதால் வருமானம் ஏறி இறங்கும். நிறுவனத்தின் வழியாகச் செலுத்தப்படும் பங்குக்கு, புதிய வரி முறையிலும், அடிப்படை ஊதியத்தில் 14 விழுக்காடு வரை விலக்கு உண்டு. சேர்ந்த தொகையில் 40 விழுக்காட்டுக்குக் கட்டாயம் ஆண்டளிப்பு (வாழ்நாள் முழுவதும் வருமானம் தரும் காப்பீட்டு நிறுவனத் திட்டம்) வாங்க வேண்டும் என்ற நிபந்தனை, அரசு சாராத உறுப்பினர்களுக்கு 2025 டிசம்பரில் 20 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. இந்தத் தளர்வைக் கொண்டாடுவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டளிப்பின் விகிதம் குறைவுதான், வழக்கமாக அது விலைவாசியோடு உயர்வதும் இல்லை. ஆயினும் வாழ்நாள் முழுவதும் நிற்காமல் வருவது அது ஒன்றே. 80 விழுக்காட்டை மொத்தமாக வாங்கிப் பிள்ளைகளின் வீட்டுக்குக் கொடுத்தவருக்கு மாதச் செலவுக்கு என்ன மிஞ்சும்?

நமக்குப் பின் கணவருக்கோ மனைவிக்கோ எவ்வளவு கிடைக்கும்?

பழைய திட்டத்தில் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு, தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு 50 விழுக்காடு, இரண்டிலும் அகவிலைப்படி உண்டு. யுபிஎஸ்ஸில் அது ஓய்வூதியர் பெற்ற தொகையில் 60 விழுக்காடு. முந்தையது ஊதியத்தின் விகிதம், பிந்தையது ஓய்வூதியத்தின் விகிதம் என்பதால், 30-ஐயும் 60-ஐயும் அப்படியே ஒப்பிட்டு ஏமாறக் கூடாது. முழுப் பணிக்காலம் முடித்தவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே தொகையில் வந்து நிற்கும்.

இபிஎஸ்ஸில் ஓய்வூதியர் இறந்தால் துணைவருக்குப் பாதி. மேலே கண்ட 3,871 ரூபாய் அப்போது 1,935 ரூபாய் ஆகும். பணியில் இருக்கும்போதே இறந்தவரின் மனைவிக்கும், 25 வயது வரை இரு பிள்ளைகளுக்கும் தனி ஓய்வூதியம் உண்டு. இதற்கு ஒரு மாதப் பங்களிப்பு இருந்தாலே போதும் என்பது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. பி.எஃப். உறுப்பினர் பணிக்காலத்தில் இறந்தால் இணைப்புக் காப்பீடாக 7 லட்சம் ரூபாய் வரை வாரிசுக்குச் சேரும். இருந்தும், தனியார் ஊழியர் தனியாக ஆயுள் காப்பீடு வைத்திருப்பது தவிர்க்க முடியாதது.

அரசு ஊழியர் கம்யூட்டேஷன் எடுப்பது நல்லதா?

ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறுவதே கம்யூட்டேஷன். தமிழ்நாடு அரசில் மூன்றில் ஒரு பங்கு வரையும், மத்திய அரசில் 40 விழுக்காடு வரையும் எடுக்கலாம். 60 வயதில் ஓய்வுபெறும் மத்திய அரசு ஊழியரின் அடிப்படை ஓய்வூதியம் 30,000 ரூபாய் என்றால், அதில் 12,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, 8.194 என்ற காரணிப்படி சுமார் 11.8 லட்சம் பெறுவார். 15 ஆண்டுக்குப் பின் ஓய்வூதியம் பழையபடி திரும்பும். அதற்குள் பிடித்தம் 21.6 லட்சமாகியிருக்கும். கணக்குப் போட்டால், ஏறத்தாழ 9 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கியதற்கு இது சமம். வட்டி மிகுந்த கடன் உள்ளவருக்கு எடுப்பது இலாபம். எடுத்து வங்கி வைப்பில் போடுபவருக்குப் பெரும்பாலும் நட்டம். ஆனால் அந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை, ஓய்வூதியர் இடையில் இறந்தால் பிடித்தம் அத்தோடு நிற்கும், அகவிலைப்படி குறைக்கப்படாத முழு ஓய்வூதியத்தின் மீதே வரும் என்ற மூன்று சலுகைகளையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். இபிஎஸ்ஸில் கம்யூட்டேஷன் 2008 செப்டம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது.

பணிக்கொடையில் வேறுபாடு உண்டா?

கிராஜுட்டி எனப்படும் பணிக்கொடை இரு பக்கமும் உண்டு, உச்சவரம்பில் வேறுபாடு இருக்கிறது. தனியாரில், 2025 நவம்பரில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி, ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம், உச்சவரம்பு 20 லட்சம். மத்திய அரசில் உச்சவரம்பு 2024 ஜனவரி முதல் 25 லட்சம்.

ஓய்வூதியத்துக்கு வருமான வரி எப்படி?

அரசு ஓய்வூதியமும் இபிஎஸ் ஓய்வூதியமும் சம்பளமாகவே கருதப்படுவதால், புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) கிடைக்கும். ஆண்டளிப்பு வருமானமும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்ட வட்டியும் வேறு வருமானமாகக் கருதப்படும். ஐந்தாண்டு தொடர் பணிக்குப் பின் எடுக்கும் பி.எஃப். தொகைக்கு வரி இல்லை. ஓய்வுபெற்றவர் மூத்த குடிமக்கள் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தை 8.2 விழுக்காட்டில் வைத்தால் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். மாதம் 20,500 என்று கொள்ளலாம். தனியார் ஊழியருக்கு அரசு ஓய்வூதியத்தின் சாயல் கொண்ட வருமானம் இதுதான் என்றாலும், ஐந்தாண்டு முடிவில் அன்றைய விகிதத்துக்கே புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

கணவன், மனைவி இருவரில் ஒருவர் அரசு ஊழியர், மற்றவர் தனியார் ஊழியர். எப்படித் திட்டமிடுவது?

இருவரின் தொகைகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பதைவிட, வேலைகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. பழைய திட்ட ஓய்வூதியம் உள்ளவரின் வருமானத்தை வாடகை, மளிகை, மருந்து ஆகிய நிலையான செலவுகளுக்கு ஒதுக்கலாம். அந்த அடித்தளம் இருப்பதால், தனியார் ஊழியர் தன் நீண்டகாலச் சேமிப்பில் பங்குச் சந்தைப் பகுதியைச் சற்றே கூட்டத் துணியலாம். ஆனால் அரசு ஊழியர் முதலில் இறந்தால் வருமானம் எவ்வளவாகும் என்று ஒரு தனித்தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். குடும்ப ஓய்வூதியத்துக்கு இறங்கும் அந்த எண்ணில்தான் திட்டம் நிற்கிறதா விழுகிறதா என்பது தெரியும். அரசு ஊழியர் சிபிஎஸ்ஸில் இருந்து, அவர் நிலை இன்னும் தெளிவாகவில்லை என்றால், மாத ஓய்வூதியம் இல்லை என்று வைத்துத் திட்டமிட்டு, வந்தால் மகிழ்ச்சி என்று கொள்வதே பாதுகாப்பு.

தனியாரிலிருந்து அரசுக்கு, அல்லது அரசிலிருந்து தனியாருக்கு மாறினால் பழைய பணிக்காலம் என்னவாகும்?

தனியார் பணிக்காலம் அரசு ஓய்வூதியத்துக்குச் சேராது. ஆனால் இபிஎஸ்ஸில் 10 ஆண்டு முடிந்திருந்தால் 58 வயதில் அந்த ஓய்வூதியம் தனியாக வரும், அதை மறந்துவிடுவோர் ஏராளம். அரசுப் பணியை விடுவோர், ராஜினாமாவுக்கும் விருப்ப ஓய்வுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் கடிதம் கொடுக்கவே கூடாது. பழைய திட்டத்தில் ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் முழுவதும் இழக்கப்படும்.

ஓய்வுக்குப் பின் மருத்துவச் செலவு?

அரசு ஓய்வூதியருக்கு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு, மாதந்தோறும் சிறு தொகை பிடிக்கப்படும். தனியாரில் நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். 60 வயதில் புதிதாகக் காப்பீடு வாங்கும்போது கட்டணமும் காத்திருப்புக் காலமும் கூடுதலாக இருக்கும் என்பதால், 45 வயதுக்குள் சொந்தக் காப்பீடு ஒன்றைத் தொடங்கிவிடுவது நல்லது. இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உறுப்பினராகக் குறைந்தது ஐந்தாண்டு இருந்து ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் இஎஸ்ஐ மருத்துவ வசதியைத் தொடரலாம். இவ்வளவு மலிவான வசதி வேறெங்கும் கிடைக்காது.

ஓய்வுபெறப் பத்தாண்டு இருக்கும்போது எந்த ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும்?

அரசு ஊழியர் தம் பணிப்பதிவேட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பிறந்த தேதி, தகுதிகாண் பருவம் முடிந்த ஆணை, ஊதியமில்லா விடுப்புகள், பெயர் மாற்றம், வாரிசு நியமனம் ஆகியவை முறையாகப் பதிவாகியுள்ளனவா என்று பார்ப்பது அவர் உரிமை. ஒரு பதிவு விடுபட்டிருந்தால், அதைப் போட வேண்டிய அலுவலர் மாறுதலாகிப் போகும் முன்பே கேட்பது எளிது.

தனியார் ஊழியர், யூஏஎன் எனப்படும் தம் பொது பி.எஃப். எண்ணைக் கொண்டு இணையக் கணக்கில் நுழைந்து பணி வரலாற்றைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் உள்ளனவா, விலகிய தேதி காலியாக உள்ளதா, பாஸ்புத்தகத்தில் ஓய்வூதியப் பங்கு என்ற பத்தியில் மாதந்தோறும் தொகை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆதாரில் தந்தை பெயரின் முதலெழுத்து பின்னாலும், பி.எஃப். பதிவில் முன்னாலும் இருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணமான பிழை. அந்த ஓர் எழுத்தால் இபிஎஸ் ஓய்வூதிய விண்ணப்பமான படிவம் 10டி மாதக்கணக்கில் நின்றுவிடும். பழைய நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் திருத்தத்துக்குக் கையெழுத்திட ஆள் கிடைப்பதே கடினம் என்பதால், நிறுவனம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே கூட்டு விண்ணப்பம் கொடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை அதுவரை வீட்டில் ஓர் உறையில் போட்டு வையுங்கள்.